ஒற்றைத் தலைவலிக்குக் கைமருந்து: சுக்கு, பற்று, தைலம், குப்பி மாத்திரை – எதை எதற்கு?

ஒற்றைத் தலைவலிக்கு என்ன செய்யலாம் என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்து மருந்து சொல்வார்கள். பத்துப் பேருக்குமே அது கேட்டிருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. எதுவுமே எடுக்காவிட்டாலும் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தானாக அடங்கிவிடுகிற வலி இது. அடங்குவதற்குச் சற்று முன்னால் எதைக் குடித்தோமோ, எதைத் தடவினோமோ, நல்ல பெயர் அதற்குப் போய்விடுகிறது.

இதனால்தான் ஆய்வுகளில் ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடுகிறார்கள். வெற்று மாத்திரை விழுங்கியவர்களிலேயே 100க்கு 10 முதல் 12 பேருக்கு 2 மணி நேரத்தில் வலி முழுதாக நின்றுவிடுகிறது. பாராசிட்டமால் 1000 மி.கி. எடுத்தால் அது 19 பேர். இபுப்ரோஃபென் 400 மி.கி. என்றால் 26. ஒற்றைத் தலைவலிக்கென்றே வந்த சுமட்ரிப்டான் 50 மி.கி. என்றால் 28. இங்கிலீஷ் மருந்தே இவ்வளவுதானா என்று தோன்றும். முழுதாக நிற்க வேண்டும் என்ற கறாரான கணக்கில் இவ்வளவுதான். வலி குறைந்தாலே போதும் என்று எண்ணினால் எல்லா எண்ணும் கூடும். கைமருந்தையும் இதே படியால் அளப்பதுதான் நியாயம்.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். வந்த வலியை அமர்த்துவது ஒரு வேலை. அடுத்த வலி வராமல் தள்ளிப்போடுவது வேறு வேலை. ஒன்றுக்கு உதவும் மருந்து மற்றதற்கு உதவ வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கைமருந்தில் நடக்கும் குளறுபடிகளில் பாதி, இந்த இரண்டையும் கலப்பதால் வருவது.

வலி வந்தபின்: சுக்கு

அடுப்படியில் இருப்பவற்றில் ஓரளவு சான்றோடு நிற்பது இஞ்சிதான். ஈரானில் 100 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், பாதிப் பேருக்கு 250 மி.கி. இஞ்சிப் பொடியும் மீதிப் பேருக்கு 50 மி.கி. சுமட்ரிப்டானும் கொடுத்தார்கள். 2 மணி நேரத்தில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்ட வலி, மாத்திரையால் 4.7 புள்ளியும் இஞ்சியால் 4.6 புள்ளியும் குறைந்தது. ‘சுக்கு சுமட்ரிப்டானுக்குச் சமம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியின் மூலம் இதுதான். அதில் விடுபடும் விஷயம்: அந்த ஆய்வில் வெற்று மாத்திரைக் குழுவே கிடையாது. தானாக அடங்கும் வலியில் இரண்டு மருந்தும் சமமாக வேலை செய்ததா, சமமாகச் சும்மா இருந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

பிரேசில் ஆய்வு இன்னும் கொஞ்சம் உறுதியானது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 60 பேருக்கும் கீட்டோப்ரோஃபென் என்ற வலிநிவாரணியை ஊசி மூலம் இரத்த நாளத்தில் ஏற்றி, கூடவே ஒரு பாதிக்கு 400 மி.கி. இஞ்சிச் சாறும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். இஞ்சி சேர்ந்தவர்களுக்குக் கூடுதலாகவே வலி குறைந்தது. அதாவது இஞ்சி வலிநிவாரணிக்குத் துணையாக நின்றது. அதற்குப் பதிலாக அல்ல. அதே நாட்டு ஆய்வாளர்கள் பிறகு 107 பேருக்கு 200 மி.கி. இஞ்சிச் சாறு தினம் மூன்று வேளை, மூன்று மாதம் கொடுத்துத் தடுப்பு மருந்தாகப் பார்த்தார்கள். வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. ஆக, தலைவலி வராமல் இருக்கத் தினம் காலையில் இஞ்சிச் சாறு குடிப்பவர் அதை ருசிக்காகக் குடிக்கலாம்.

இஞ்சி ஏன் உதவுகிறது என்பதற்கு ஒரு காரணம் வயிற்றில் இருக்கிறது. ஒற்றைத் தலைவலி கிளம்பும்போது இரைப்பை மந்தமாகிவிடும். உள்ளே போன மாத்திரை குடலுக்கு இறங்காமல் அங்கேயே கிடக்கும். கொஞ்ச நேரத்தில் வாந்தியில் வெளியே வந்துவிடும். குமட்டலை அடக்கி, இரைப்பையைக் கீழ்நோக்கித் தள்ளும் குணம் இஞ்சிக்கு உண்டு.

இனி செய்முறை. கடையில் வெள்ளையாக மாவு பூசினாற்போல் இருப்பது சுண்ணாம்பில் புரட்டிய சுக்கு. பூச்சி விழாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்று சித்த மருத்துவத்தில் சொல்வது இந்த இடத்தில் உதவும்: கழுவித் துடைத்து, மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு இடியுங்கள். மிக்ஸியில் அரைத்தால் நார் நிற்கும், சலித்துக்கொள்ள வேண்டும். பொடியில் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தால் சுரீரென்று ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் அது பழைய சரக்கு, காரம் போய்விட்டது என்று அர்த்தம்.

5 மி.லி. தேக்கரண்டியில் தலைதட்டி எடுத்தால் சுக்குப் பொடி ஏறக்குறைய 2 கிராம் வரும். ஆய்வில் கொடுத்த 250 மி.கி. என்பது அதில் எட்டில் ஒரு பங்குதான். கால் தேக்கரண்டி தாராளம். அதை 100 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி, கொஞ்சம் கருப்பட்டி போட்டுக் குடிக்கலாம். இங்கே பலரும் செய்யும் தவறு, சுக்கைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டி, மண்டியைக் கொட்டிவிடுவது. ஆய்வில் பொடி முழுதாக வயிற்றுக்குள் போயிருக்கிறது. வடித்த நீரில் எவ்வளவு இறங்கியது என்பது அடுப்பைப் பொறுத்தது. மண்டியோடு கலக்கிக் குடியுங்கள். பொட்டலமாக விற்கும் சுக்கு மல்லி காபிப் பொடி வாங்கினால் உட்பொருள் வரிசையைப் பாருங்கள். முதலில் வெல்லமும் மல்லியும், கடைசியில் சுக்கு என்று இருந்தால் அது பானம், மருந்தல்ல.

நேரம்தான் முக்கியம். நெற்றிப்பொட்டில் துடிப்பு தொடங்கிய அரை மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். வாந்தி ஆரம்பித்தபின் எதைக் குடித்தாலும் வெளியேதான் வரும். சாப்பாடு தவறியதால் வந்த வலி என்றால் முதலில் இரண்டு பிஸ்கெட்டோ ஒரு வாழைப்பழமோ உள்ளே போகட்டும். வெறும் வயிற்றில் சுக்கு எரியும். அல்சர், பித்தப்பைக் கல் உள்ளவர்களும், வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். கர்ப்பிணிகள் நாளுக்கு 1 கிராமைத் தாண்டக் கூடாது.

சுக்குக் குடித்து ஒரு மணி நேரமாகியும் வலி ஏறிக்கொண்டே போனால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். உங்களுக்கு மருத்துவர் சொன்ன மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். சுக்கும் மாத்திரையும் ஒன்றாகவே போகலாம் என்பதுதானே பிரேசில் ஆய்வு சொன்னது. கடுமையாகவே வரும் வழக்கம் உள்ளவர்கள் இந்த ஒரு மணி நேரத்தைக்கூடக் காத்திருக்காமல் இரண்டையும் சேர்த்தே தொடங்குவது நல்லது. மாத்திரையும் சீக்கிரம் போட்டால்தான் கேட்கும்.

தைலமும் பற்றும்

நெற்றியில் தடவும் தைலங்களில் வேலை செய்வது பெரும்பாலும் மெந்தால் என்கிற புதினா உப்பு. தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளை அது தட்டி எழுப்புகிறது. ஈரானில் ஷிராஸ் நகரில் 35 பேரிடம் 10 சதவீத மெந்தால் கரைசலை நெற்றியிலும் பொட்டிலும் தடவிப் பார்த்ததில், வெற்றுக் கரைசலைவிடத் தெளிவாகவே பலன் தெரிந்தது. சின்ன ஆய்வுதான், தவிரவும், தடவியது மெந்தாலா, வெற்றுக் கரைசலா என்பதை மூக்கே காட்டிக்கொடுத்திருக்கலாம். ஜெர்மனியில் புதினா எண்ணெயை 1000 மி.கி. பாராசிட்டமாலோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்றும் உண்டு. ஆனால் அது தலையை இறுக்கிக் கட்டினாற்போல் வரும் சாதாரணத் தலைவலிக்கு நடந்தது, இதற்கல்ல. விளம்பரக்காரர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

செலவும் ஆபத்தும் குறைவு என்பதால் தைலத்தைத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, இந்த நோயில் வாசனையே எதிரி. மல்லிகையும் சாம்பிராணியும் சென்ட்டும் தலையைப் பிளக்கும் ஆளுக்குத் தைல நெடியும் பிளக்கலாம். வலி இல்லாத நாளில் தடவி முகர்ந்து பாருங்கள். இரண்டு, கற்பூரமும் யூகலிப்டஸும் அதிகமாகச் சேர்ந்த தைலங்களை வலிப்பு நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். இந்த எண்ணெய்கள் வலிப்பைத் தூண்டியதைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

பற்று வேறு விஷயம். சுக்கைக் கல்லில் இழைத்தோ, நீர்க்கோவை மாத்திரையை வெந்நீரில் குழைத்தோ நெற்றியில் போடுகிறார்கள். தோலில் ஏறும் எரிச்சல் உள்வலியிலிருந்து கவனத்தைத் திருப்பும் என்பதைத் தாண்டி இதற்கு வலுவான சான்று இல்லை. அதைவிட ஒரு சிக்கல் இருக்கிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலி ஏறும்போது தோலே நோகும். தலை சீவ முடியாது, அந்தப் பக்கம் தலையணையில் சாய முடியாது. அந்த நெற்றியில் பற்று காய்ந்து இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மெல்லியதாகப் பூசி, 15 நிமிடத்தில், முழுதும் காய்வதற்கு முன் ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். இரவு முழுக்க விட்டால் தோல் வெந்து, பிறகு மாதக்கணக்கில் கறுத்த தழும்பு நிற்கும். சுண்ணாம்பு கலந்த பற்று வேண்டவே வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைக் கழுத்திலோ பொட்டிலோ வைப்பது இதைவிடப் பாதுகாப்பானது.

‘சைனஸ்’ என்று ஆவி பிடிப்பவர்களுக்கு

நொச்சி இலை, மஞ்சள், வேப்பிலை போட்டு ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு நல்லது. கேள்வி, உங்களுக்கு வருவது மூக்கடைப்புத் தலைவலிதானா என்பது. ‘சைனஸ் தலைவலி’ என்று தாங்களே சொன்ன, அல்லது மருத்துவர் அப்படிச் சொல்லி அனுப்பிய 2991 பேரை அமெரிக்காவில் பரிசோதித்து 2004இல் வெளியிட்டார்கள். அதில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை. வலி வரும்போது கண்ணில் நீர் வருவது, மூக்கு அடைப்பது, முகம் கனப்பது எல்லாம் இதிலும் உண்டு. அதனால்தான் ‘நீர் கோத்திருக்கு’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். மஞ்சளாகச் சளி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, குமட்டுகிறது, மாடிப்படி ஏறினால் இடிக்கிறது என்றால் ஆவி பிடிப்பதில் பொருளில்லை. வெந்நீர்ச் சட்டிக்கு முன் போர்வைக்குள் குனிந்து உட்கார்வது துடிப்பை ஏற்றிவிடவும் கூடும்.

எண்ணெய்க் குளியலும் இதே வகைதான். வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் தலைவலி வராது என்பார்கள். ஆனால் தலைக்குக் குளிப்பதே வலியைத் தூண்டும் ஆட்கள் உண்டு. மும்பைத் தலைவலி மருத்துவர் ஒருவர், தன்னிடம் வந்த 1500 பேரில் 94 பேருக்கு அப்படி இருந்ததை 2006இல் பதிவு செய்திருக்கிறார். சனிக்கிழமை குளித்த அன்றோ மறுநாளோ உங்களுக்கு வலி வருகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள்.

மூக்கில் சாறு விடுவது

தும்பை இலைச் சாறு, பூண்டுச் சாறு, ஏதோ ஓர் எண்ணெய் என்று வீட்டிலேயே மூக்கில் விடுவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். நசியம் என்பது சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் ஆளைப் பார்த்து, மருந்தைச் சுத்தம் செய்து, கிடத்திச் செய்யும் முறை. கொல்லையில் பறித்த இலையைக் குழாய்த் தண்ணீரில் கசக்கிப் பிழிந்து மூக்கில் விடுவது அதல்ல. பூண்டு மூக்கின் உட்தோலைப் பொசுக்கும். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். கொதிக்கவைக்காத தண்ணீர் மூக்கின் மேல்பகுதிக்குப் போனால், கேரளத்தில் 2024இல் உயிர்களைப் பறித்த மூளை அமீபா நுழையும் வழியும் அதுதான்.

வராமல் தடுக்க: மூலிகையில் எது?

சான்று அதிகமாக இருக்கும் மூலிகைதான் கையால் தொடக் கூடாத மூலிகை. ஐரோப்பாவின் பட்டர்பர் என்ற செடியின் கிழங்குச் சாறு அது. 245 பேரிடம் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வில், 75 மி.கி. இரண்டு வேளை எடுத்தவர்களுக்கு வலி வரும் எண்ணிக்கை 48 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரையில் 26 சதவீதம். 2012இல் அமெரிக்க நரம்பியல் அகாடமி இதற்கு முதல் தரச் சான்று வழங்கியது. பிறகு கல்லீரல் கெட்டுப்போன நோயாளிகள் பற்றிய தகவல்கள் சேர, 2015இல் அந்த வழிகாட்டுதலையே திரும்பப் பெற்றது. செடியில் இயற்கையாக இருக்கும் பைரோலிசிடின் வகை நஞ்சுகளை நீக்கித்தான் விற்க வேண்டும். நீக்கியதாகச் சொன்ன சரக்கு மீதும் சந்தேகம் விழுந்தது. இணையக் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. பழைய 2012 சான்றைக் காட்டித்தான் விற்கிறார்கள்.

அடுத்தது ஃபீவர்ஃபியூ. சாமந்திக் குடும்பத்துச் செடி, நம் ஊரில் விளைவதில்லை, குப்பிகளில் வரும். 561 பேரை உள்ளடக்கிய 6 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் மதிப்பாய்வு 2015இல் வந்தது. அதில் பெரிய ஆய்வில், மாதம் சுமார் 4.8 முறை வந்துகொண்டிருந்த வலி மருந்தால் 1.9 முறையும் வெற்று மாத்திரையால் 1.3 முறையும் குறைந்தது. மருந்தின் சொந்தச் சம்பாத்தியம் மாதத்துக்கு அரை வலியைவிடச் சற்றே அதிகம். இரண்டு மாதத்தில் ஒரு வலி மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். தினம் மூன்று வேளை மாத்திரைக்கு அது போதுமா என்பது உங்கள் கணக்கு. அந்த ஆய்வில் கொடுத்தது குறிப்பிட்ட முறையில் பிரித்த சாறு, வேளைக்கு 6.25 மி.கி.; குப்பியில் ‘இலைப் பொடி 400 மி.கி.’ என்று இருந்தால் இரண்டும் ஒன்றல்ல. வாயில் புண் வரலாம். திடீரென்று நிறுத்தினால் வலி திரும்பிப் பாயும், ஆகவே படிப்படியாகக் குறைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

இதில் நம் ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. ஃபீவர்ஃபியூவின் தாவரப் பெயரில் ‘பார்த்தீனியம்’ என்ற சொல் வரும். அதைப் படித்துவிட்டு ரோட்டோரத்துப் பார்த்தீனியச் செடியைப் பறிக்கக் கூடாது. அது வேறு செடி, நஞ்சு. அது மட்டுமல்ல, இரண்டிலும் ஒரே வகை வேதிப்பொருள் இருப்பதால், பார்த்தீனியம் பட்டால் அரிப்பும் தடிப்பும் வருகிறவர்களுக்கு ஃபீவர்ஃபியூ மாத்திரையும் ஒவ்வாமல் போகலாம்.

கொத்தமல்லி விதைக்கும் ஓர் ஆய்வு இருக்கிறது: ஈரானில் 68 பேர், 15 மி.லி. மல்லிச் சாறு மூன்று வேளை, ஒரு மாதம். பலன் தெரிந்தது. ஆனால் எல்லோரும் கூடவே சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரையும் எடுத்தார்கள். தனி மல்லிக் கஷாயத்துக்கு இதைச் சான்றாகக் காட்ட முடியாது. குடிப்பதால் கெடுதலும் இல்லை.

மாத்திரை வேண்டாம், இயற்கையாக ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு மூலிகையைவிட நல்ல தேர்வு வைட்டமின் பி2, அதாவது ரிபோஃப்ளேவின். 55 பேரிடம் 1998இல் வந்த ஆய்வில், தினம் 400 மி.கி. மூன்று மாதம் எடுத்தவர்களில் 59 சதவீதம் பேருக்கு வலி நாட்கள் பாதிக்கும் கீழே போயின. வெற்று மாத்திரையில் 15 சதவீதம். சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது அளவு: சாதாரண பி-காம்ப்ளக்ஸ் மாத்திரையில் பி2 பெரும்பாலும் 10 மி.கி. அளவில்தான் இருக்கும். அதைத் தினம் ஒன்று போட்டுவிட்டு ‘வைட்டமினும் பார்த்தாச்சு’ என்று சொல்ல முடியாது. மெக்னீசியம் 400 முதல் 600 மி.கி. வரை இன்னொரு வழி. வயிறு போகும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது.

பற்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்ந்த மருந்துகளை முகவரி தெரியாத இடத்தில் வாங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்த ஆய்வு 2008இல் வந்தது. ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் உடம்பில் ஏறினால் வரும் அறிகுறிகளில் தலைவலியும் ஒன்று.

எப்படி முடிவெடுப்பது

மாதம் ஒன்றிரண்டு தடவை, தாங்கும் அளவில் வருகிறது என்றால் சுக்கு, தைலம், இருட்டறை, தேவைப்பட்டால் ஒரு வலிநிவாரணி. இதற்கு மேல் அலைய வேண்டாம். மாதம் 4 நாளோ அதற்கு மேலோ வருகிறதென்றால் தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய கட்டம். பி2 போன்றவற்றை அப்போது அவரிடமே கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

தடுப்புக்கு எதைத் தொடங்கினாலும் முதல் ஒரு மாதம் மருந்தில்லாமல் வலி நாட்களை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். பிறகு ஒரே ஒரு மருந்தைத் தொடங்கி மூன்று மாதம் வட்டமிடுங்கள். மாதம் 5 என்பது 4 ஆனால் அது தற்செயல். 5 என்பது 2 ஆகி, மூன்று மாதமும் அப்படியே நின்றால் மருந்து வேலை செய்கிறது. மூன்றை ஒரே நேரத்தில் தொடங்கினால் எது கேட்டது என்று கடைசிவரை தெரியாது.

அதே நாட்காட்டியில் வலி மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போடுங்கள். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் வகை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, ட்ரிப்டான் (சுமட்ரிப்டான் வகை) அல்லது பல மருந்து கலந்த மாத்திரை 10 நாளோ அதற்கு மேலோ என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். அந்த நிலையில் எந்த மூலிகையும் எடுபடாது. முதலில் மாத்திரையைக் குறைக்க வேண்டும், அதையும் மருத்துவர் துணையோடு.

சில வலிகளுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. நொடியில் இடி விழுந்தாற்போல் வந்த வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது, 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வருவது, தலையில் அடிபட்டபின் வருவது – இவற்றுக்குச் சுக்கை இடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். பிரசவம் ஆகி ஆறு வாரத்துக்குள் புதிதாக வரும் தலைவலியைத்தான் நம் வீடுகளில் ‘பச்சை உடம்பு, குளிர் ஏறிடுச்சு’ என்று பற்றுப் போட்டு இரண்டு நாள் தள்ளிப்போடுகிறார்கள். மூளையின் சிரை நாளத்தில் இரத்தம் உறைவது அந்த நாட்களில்தான் அதிகம். அன்றே ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதுவரை சாப்பிட்ட கஷாயம், லேகியம், மாத்திரை எல்லாவற்றின் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.